ஆடியில் கோத்தகிரி

லீவ் லெட்டரில் என்ன எழுதுவது என்பதில்தான் முதல் சண்டை.

பெரியவள் எட்டாவது, சின்னவன் நாலாவது. ஆடிப்பெருக்குக்கு எங்கள் ஈரோடு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விட்டிருந்தார்கள். கூட இரண்டு நாள் சேர்த்துக்கொண்டால் ஞாயிறு வரை இழுத்துவிடலாம். அந்த இரண்டு நாளுக்கு என்ன காரணம் சொல்வது? சொந்தக்காரர் கல்யாணம் என்று எழுது என்றார் வீட்டுக்காரர். "ஆடி மாசத்துல எவன்ப்பா கல்யாணம் வெப்பான்? மிஸ் சிரிப்பாங்க" என்றாள் பெரியவள். சரி, காய்ச்சல் என்று எழுதலாம் என்று பேனாவை எடுத்தால், எழுதினபடியே வந்து தொலைக்கும் என்று அத்தை குறுக்கே விழுந்தார். கடைசியில் 'குடும்பத்துடன் கோத்தகிரி செல்வதால்' என்று உள்ளதை உள்ளபடியே எழுதிக் கொடுத்தேன். மிஸ் வாங்கிப் படித்துவிட்டு, "இப்பவா போறீங்க? மழையா இருக்குமே" என்று மட்டும் கேட்டாராம்.

அதே கேள்வியை அப்புறம் பதினைந்து பேராவது கேட்டிருப்பார்கள். பக்கத்து வீட்டு அக்கா, பால்காரர், என் ஆபீஸில் எல்லோரும்.

நான் வேலை பார்ப்பது ஒரு ஆடிட்டர் ஆபீஸில். ஜூலை 31 வருமான வரி ரிட்டர்னுக்குக் கடைசி நாள் என்றால், எங்களுக்கு ஜூலை மாதம் என்ற ஒன்று காலண்டரிலேயே கிடையாது. இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தால் அத்தை சோறு மூடி வைத்திருப்பார், பிள்ளைகள் தூங்கியிருக்கும். ஆகஸ்ட் பிறக்கும்போது கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாலே குமட்டும். எனக்கு லீவு கிடைப்பது அப்போதுதான். ஊருக்கெல்லாம் மே மாதம் கோடை விடுமுறை, எனக்கு ஆடி மாதம்.

மே மாதத்தில் போயும் பார்த்தோம், இல்லை என்று சொல்லவில்லை. நாலு வருஷம் முன்பு, மலர்க் கண்காட்சி சமயத்தில் ஊட்டி. கல்லாறு தாண்டியதும் வண்டி நின்றது. நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. சின்னவன் அப்போதுதான் எழுத்துக்கூட்டப் பழகிக்கொண்டிருந்தான். முன்னால் நின்ற வேனின் முதுகில் எழுதியிருந்த அத்தனையையும், பெர்மிட் நம்பர் உட்பட, படித்து முடித்துவிட்டான். பூங்காவில் பூவைப் பார்க்க முன்னால் நிற்பவர் தோளைத் தட்டி வழி கேட்க வேண்டியிருந்தது. திரும்பி வந்து இரண்டு நாள் இடுப்பு வலி. அந்தப் பயணத்தில் எனக்கு நினைவிருக்கும் ஒரே இயற்கைக் காட்சி அந்த வேனின் பம்பர்.

நீலகிரியில் ஏப்ரல், மே முதல் சீசன். செப்டம்பர், அக்டோபர் இரண்டாவது. நடுவில் இருக்கிற ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்ட் வரை யாரும் சீந்துவதில்லை. ஈளாடா பக்கம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டில் இரண்டு அறை கேட்டேன். மே மாதம் இதே வீட்டுக்கு ஒரு அறை 6,500 என்றார்கள். இப்போது 2,800, சாப்பாடு தனி. "எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க" என்று வேறு சொன்னார் வீட்டுக்காரம்மா.

மாமாவைக் கிளப்புவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

என் மாமனார் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். மேட்டுப்பாளையம் மண்டிக்கு நீலகிரியிலிருந்து கேரட், முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு ஏற்றி இறக்குவதுதான் தொழில். "மேல என்ன கண்ணு இருக்குது? குளிரும் கேரட்டும். ரெண்டையும் நான் பார்த்தாச்சு, நீங்க போயிட்டு வாங்க" என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

அந்தப் பேப்பர்தான் எனக்கு வழி காட்டியது. காலையில் பேப்பர் வந்ததும் மாமா முதலில் தேடுவது பவானிசாகர் அணையின் நீர்மட்டத்தை. எங்களுக்கு அறச்சலூர் பக்கம் இரண்டு ஏக்கர் இருக்கிறது, கீழ்பவானிப் பாசனம். ஆகஸ்ட் நடுவில் வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள், நெல்லுக்கு 120 நாள். மொத்த ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர். அதில் இந்த முறை ஒற்றைப்படை மதகுக்கு என்றால் அடுத்த முறை இரட்டைப்படைக்கு. அணையின் முழு நீர்மட்டம் 105 அடி. ஜூலை பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் ரத்த அழுத்தம் மாதிரி அந்த எண் தினமும் சொல்லப்படும்.

"மாமா, கோடநாடு வியூ பாயிண்ட்ல நின்னா பவானிசாகர் அணை தெரியுமாம்" என்றேன்.

பேப்பர் கீழே இறங்கியது. "அணையேவா?"

"நீங்க பார்த்ததில்லையா? அத்தனை வருசம் ஓட்டியிருக்கீங்க?"

"லோடு ஏத்துனா எறங்கோணும் கண்ணு. வியூ பாயிண்ட்டுக்கு எவன் வாடகை குடுப்பான்?"

உள்ளேயிருந்து அத்தை குரல் வந்தது. "ஒரு தடவ என்னையும் லாரியில கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டேன். அடுத்த டிரிப்பு, அடுத்த டிரிப்புன்னு சொல்லியே வண்டியையும் வித்துப்போட்டாரு."

அன்றைக்கு மத்தியானமே மாமா பீரோவிலிருந்து பழைய மப்ளரை எடுத்து வெயிலில் போட்டார்.

*

நீலகிரிக்குள் வெளி மாவட்ட வண்டி நுழைய இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ம் தேதி தொடங்கியது. இணையத்தில் விவரம் கொடுத்தால் வந்துவிடும், காசு கிடையாது. 2025-ல் ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று உச்சவரம்பே போட்டார்கள். ஆடி மாதத்தில் அந்தப் போட்டியெல்லாம் இல்லை. டீ ஆறுவதற்குள் பாஸ் வந்துவிட்டது.

அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம். மண்டித் தெருவில் வண்டி நுழைந்ததும் மாமா கண்ணாடியை இறக்கினார். சாக்கு, ஈரமண், அழுகின இலை எல்லாம் கலந்த அந்த வாசனையில் எங்களுக்கு மூக்கு சுளித்தது, அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர்தான். குன்னூர்ப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. கோத்தகிரிப் பாதை அந்த அளவுக்கு மடித்து மடித்துப் போடாது. வாந்தி எடுக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு போகிறவர்கள் கவனிக்க.

குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் பாஸைப் பார்த்தார்கள், அப்புறம் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது. குடிக்க வேறு ஊர்த் தண்ணீர் சேராது என்று அத்தை இரண்டு பாட்டில் கொண்டுவந்திருந்தார். பாட்டிலைக் கொடுத்துவிட வேண்டும் என்றதும், கூடையைத் துழாவி ஒரு சொம்பை எடுத்து அதில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, வெறும் பாட்டிலை நீட்டினார். எங்கே போனாலும் அத்தையின் கூடையில் ஒரு சொம்பு இருக்கும். எதற்கென்று இருபது வருஷமாக யோசித்திருக்கிறேன்.

அதற்கு மேல் ரோட்டோரம் பலா மரங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பலாப் பழுக்கும் காலம். வாசனைக்குக் கீழ்க்காட்டிலிருந்து யானைகள் ஏறி வந்துவிடும். முள்ளூர், மாமரம் பக்கமெல்லாம் பகலிலேயே ரோட்டில் நிற்பதுண்டு. நாங்கள் போன அன்று யானை இல்லை, ரோட்டின் நடுவில் பிய்த்துப் போட்ட பலாச் சக்கை மட்டும் கிடந்தது. பிள்ளைகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மாமா தன் கதையை எடுத்துவிட்டார். ராத்திரி ரெண்டு மணி, இதே வளைவு, வண்டியில் முட்டைக்கோசு லோடு. முன்னால் ஒற்றை யானை. லைட்டை அணைத்துவிட்டு, கிளீனர் பையனை வாயைப் பொத்தி உட்காரவைத்து, முக்கால் மணி நேரம் காத்திருந்தார்களாம். யானை வண்டியைச் சுற்றி வந்து, தார்ப்பாயை ஒரு பக்கம் இழுத்து, நாலு கோசை எடுத்துத் தின்றுவிட்டுப் போனதாம்.

"மண்டில எடை கொறஞ்சதுக்கு என்னப்பாரு சொன்னீங்க?" என்று கேட்டான் சின்னவன். ஆடிட்டர் ஆபீஸ்காரி பெற்ற பிள்ளை.

"உள்ளதச் சொன்னேன். ஒருத்தனும் நம்பல. என்ற வாடகைல புடிச்சுட்டாங்க."

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த மாமா வழியெல்லாம் என் வீட்டுக்காரருக்குப் பாடம் நடத்தினார். ஹாரன் அடி. வளைவுல அகட்டாதே. ஏறுற வண்டிக்குத்தான் வழி, எறங்குறவன் ஒதுங்கி நிக்கோணும். இப்ப நீ ஏறுற, தைரியமாப் போ. வீட்டுக்காரர் பதினைந்து வருஷமாகக் கார் ஓட்டுகிறார். ஒன்றும் சொல்லாமல் ஓட்டினார். காது மட்டும் சிவந்திருந்தது.

*

தங்கிய வீட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓட்டுக் கூரை, முன்னால் ஒரு திண்ணை மாதிரியான வராந்தா, அதற்குக் கீழே தேயிலை. நாங்கள் போய்ச் சேரும்போது தேயிலை தெரிந்தது. பெட்டியை உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்தால் தேயிலையைக் காணவில்லை. மேகம் இறங்கிவிட்டது. அந்த ஊர் ஆடி மழை நம் ஊர் மழை மாதிரிப் பொத்துக்கொண்டு ஊற்றுவதில்லை. தூறல் என்றும் சொல்ல முடியாது. மேகமே ஜன்னல் வழியாக உள்ளே வந்து, கொடியில் கிடக்கிற துண்டை நனைத்துவிட்டு, மறு ஜன்னல் வழியாகப் போகிறது. மூன்று நாளும் ஒரு துணி காயவில்லை. நாலாம் நாள் எல்லோர் மேலும் ஒரே வாசனை.

முதல் நாள் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. வைஃபையும் போனது, போனில் சிக்னல் ஏற்கெனவே இல்லை. பெரியவள் அறைக்கும் வராந்தாவுக்குமாகப் பத்துத் தடவை நடந்து, "இப்ப என்ன பண்றது?" என்று என்னைக் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. ஒரு மாதமாக ஃபைல், போன், ஃபைல் என்று ஓடிவிட்டுத் திடீரென்று கையில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்தால் விரல்களை எங்கே வைப்பதென்று புரிவதில்லை.

மாமா சமையலறைக்குப் போய் அடுப்புக் கரித்துண்டு ஒன்று வாங்கி வந்தார். வராந்தா சிமெண்ட் தரையில் முக்கோணமாகக் கோடு இழுத்தார், குறுக்கே கோடுகள். ஆடு புலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டுக்கு அவரைக் கொட்டை, புலிக்குக் கேரட் துண்டு. பெரியவள் ஆடு, சின்னவன் புலி. மெழுகுவத்தி வெளிச்சத்தில் முதல் ஆட்டம் முக்கால் மணி நேரம் நடந்தது. ஆடுகள் சேர்ந்து இரண்டு புலியை அடைத்துவிட, மூன்றாவது புலிக்கும் வழியில்லை என்று தெரிந்ததும் சின்னவன் அந்தப் புலியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். கேஸ் தள்ளுபடி. அதற்குப் பிறகு மூன்று நாளும் அந்தக் கோட்டை யாரும் அழிக்கவில்லை. கரண்ட் வந்த பிறகும் வைஃபையை யாரும் தேடவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் தேடினார்கள். கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்காரம்மா படுகர். ராத்திரிக்கு உதக்கா என்கிற அவரைக் கொட்டைக் குழம்பும் ராகிக் களியும் செய்து கொடுத்தார். அத்தை ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடிப் பதம் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நம்ம அரிசிம்பருப்புச் சோற்றின் பக்குவத்தை அத்தை சொல்ல, அவர் உதக்காவுக்கு அரைக்கும் பொடியைச் சொல்ல, நடுநடுவே மருமகள்களைப் பற்றியும் பேச்சு போனது போலிருந்தது. நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு கொள்ளு ரசத்துக்கு மாறியது.

"ஆறு மணிக்கு மேல வெளிய நடக்காதீங்க" என்று வந்த அன்றே சொல்லியிருந்தார். கோத்தகிரிப் பக்கம் கரடி சாதாரணமாகத் தேயிலைக்குள் திரியும். நாங்கள் பார்த்தது காட்டு மாடு. இரண்டாம் நாள் காலை ஆறரை மணிக்கு நான் டீ டம்ளரோடு வராந்தாவுக்கு வந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம், ஒரு பஸ் ஸ்டாப் தூரம்கூட இல்லை, இருபது அடி. கறுப்பாக ஒரு பாறை. நேற்று அங்கே பாறை இல்லையே என்று நினைத்தபோது பாறை மூச்சு விட்டது. முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரிக் கால்கள். மேகம் அதன் முதுகில் பட்டு இரண்டாகப் பிரிந்து போனது. என்னைப் பார்த்தது. என்னால் யாரையும் கூப்பிட முடியவில்லை. டம்ளரைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. அதுவாகத் திரும்பி, தேயிலையை மிதிக்காமல், இரண்டு வரிசைக்கு நடுவிலிருக்கிற சந்து வழியாகவே இறங்கிப் போனது. டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

அதைச் சொன்னால் வீட்டில் யாரும் நம்பவில்லை. அப்போதுதான் முட்டைக்கோசு தின்ற யானையை நான் முழுதாக நம்பினேன்.

*

அன்று காலை மாமாவைக் காணோம். படுக்கை மடித்து வைத்திருக்கிறது, மப்ளர் இல்லை. வீட்டுக்காரருக்குக் கரடி ஞாபகம் வந்து முகம் வெளுத்துவிட்டது. தேடிக்கொண்டு ரோட்டுக்குப் போனால், வளைவில் கேரட் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு லாரிக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். டிரைவர் பையனுக்கு முப்பது வயது இருக்கும். இரண்டு பேரும் பிரேக் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இப்போதெல்லாம் கேரட்டை மிஷினில் போட்டுக் கழுவுகிறார்கள். பெரிய டிரம் சுற்றும், தண்ணீர் அடிக்கும், ஆரஞ்சு நிறம் பளபளவென்று வெளியே கொட்டும். மாமா காலத்தில் ஓடையில் தொட்டி கட்டி, ஆட்கள் இறங்கிக் காலால் மிதித்துக் கழுவுவார்களாம். பின்ராத்திரி, அந்தக் குளிரில். "அவங்க பாதத்தப் பார்த்திருக்கோணும் கண்ணு, வெள்ளையா ஊறி, வேற யாரோட காலோ மாதிரி இருக்கும்" என்றார். கையிலிருந்த கேரட்டின் தோலை நகத்தால் சீவி, பாதியை ஒடித்து என்னிடம் கொடுத்தார். நம் ஊருக்கு வந்து சேரும் கேரட்டும் இதுவும் ஒன்றே இல்லை. ஒடியும்போதே சத்தம் வேறு.

அந்த மூன்று நாளில் ஊர் சுற்றியது குறைவு. கன்னேரிமுக்கில் சல்லிவன் கட்டிய பங்களா இருக்கிறது, இப்போது நினைவகம். 1819-ல் மலையேறி வந்த கோயம்புத்தூர் கலெக்டர். அன்றைக்கு எங்கள் ஊரும் அவர் ஆளுகையில்தான். வெயில் தாங்காமல் மலைக்குப் போய், அங்கேயே ஆபீஸையும் கூட்டிக்கொண்டு போனவர். லீவு எடுக்காமலே மலையில் இருந்துகொண்ட ஆள் என்று எனக்கு அவர்மேல் கொஞ்சம் பொறாமை. பிள்ளைகள் பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டார்கள்.

கடைவீதியில் வர்க்கி வாங்கினோம். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்ததால் ருசி கூடிவிடவில்லை, விறகடுப்பில் சுட்டது அன்றைக்கும் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. டீயில் முக்கிச் சாப்பிட வேண்டும். இரண்டு விநாடிக்கு மேல் முக்கினால் டம்ளர் அடியில் கஞ்சிதான் மிஞ்சும். சீசனில் கடைக்காரர்கள் காசை வாங்கிப் போடவே நேரமில்லாமல் நிற்பார்கள். இப்போது ஸ்டூல் எடுத்துப் போட்டு உட்காரச் சொல்கிறார்கள். ஒரு கடைக்காரர் பச்சைத் தேயிலைக்கு விலை கட்டுப்படியாகாத கதையை முழுதாகச் சொன்னார். நாலரை கிலோ இலை பறித்தால் ஒரு கிலோ தூள். மழையில் இலை நிறைய வரும், விலை இறங்கிவிடும். எங்கள் மஞ்சள் மாதிரியே.

பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் திடீரென்று உயிர் வந்து துள்ளியது. பதினாலு தவறிய அழைப்பு. எல்லாம் ஒரே வாடிக்கையாளர். ஜூன் மாதத்திலிருந்து நான் பேப்பர் கேட்டு, அவர் நாளைக்கு நாளைக்கு என்று சொன்னவர். "மேடம், 31-ம் தேதி முடிஞ்சு போச்சாமே?" என்றார், ஏதோ நான்தான் முடித்துவைத்த மாதிரி. டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்தோடு போடலாம் சார், 5,000 ரூபாய், வருமானம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் ஆயிரம் என்றேன். "நீங்க இப்ப எங்க இருக்கீங்க?" "மலையில." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இப்பவா? மழையா இருக்குமே."

இந்த மழை விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், என் பேச்சைக் கேட்டு யாராவது தப்பான மாதத்தில் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது. நீலகிரியின் மேற்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் மழையில் இரண்டு தனி ஊர்கள். தென்மேற்குப் பருவமழை கூடலூர், பைக்காரா, அவலாஞ்சி பக்கம்தான் கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர். அதைத் தாண்டிக் கிழக்கே இருக்கிற கோத்தகிரிக்கு வந்து சேர்வது மிச்சம் மீதி மேகம். இங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பகுதியில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். ஆடியில் கோத்தகிரிக்குத் தாராளமாகப் போகலாம், தீபாவளி லீவுக்கு வேண்டாம். மேற்கே அடித்துக் கொட்டுகிற அந்த மழைதான் குந்தா, பில்லூர் வழியாகவும், மாயாறு வழியாகவும் இறங்கி எங்கள் அணைக்கு வருகிறது.

*

அணைக்கு வருவோம்.

இரண்டாம் நாள் மத்தியானம் கோடநாடு போனோம். கோத்தகிரியிலிருந்து 18 கிலோமீட்டர். கோடநாடு என்றதும் எஸ்டேட்டா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வழியில் அந்த கேட் வரும், வண்டியை நிறுத்தவில்லை. காட்சி முனையில் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் வெள்ளை. சுவரில் சுண்ணாம்பு அடித்த மாதிரி, ஒரு பொட்டு இல்லை. கீழே அதலபாதாளம் இருக்கிறதா, அடுத்த வீட்டுச் சுவர் இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. "இதுக்கா வந்தோம்?" என்று மாமா கேட்கவில்லை. மப்ளரை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே மறுபடி போனோம். மறுபடி வெள்ளை. "பத்து மணிக்கு மேல காத்து திரும்புச்சுன்னா தெறக்குங்க. திரும்பாட்டி இல்ல" என்றார் டீக்கடைக்காரர். எங்களுக்குப் போக வேறு இடமும் இல்லை, உட்கார்ந்துவிட்டோம். அந்தக் காலையில் மூன்று வண்டிகள் வந்தன. இறங்கினார்கள், வெள்ளையைப் பார்த்தார்கள், வெள்ளைக்கு முன்னால் நின்று ஒரு செல்ஃபி, போய்விட்டார்கள். அவர்கள் லிஸ்ட்டில் இன்னும் நாலு இடம் பாக்கி இருந்திருக்கும். நாங்கள் இரண்டு ரவுண்டு டீ, ஒரு ரவுண்டு மிளகாய் பஜ்ஜி. சின்னவன் மண்ணில் ஆடு புலிக் கோட்டைப் போட்டான். அத்தை கம்பி வேலிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சாமி கும்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று தெரியவில்லை.

பத்தே முக்கால் இருக்கும். முதலில் காதில் குளிர்ந்த காற்று மாறி அடித்தது. வெள்ளைக்குள் கறுப்பாக ஒரு கீறல் விழுந்தது. அது ஒரு மலையின் விளிம்பு. கீறல் கீழ்நோக்கி இறங்க இறங்க, வயிற்றுக்குள் என்னவோ செய்தது, அவ்வளவு ஆழம். அடியில் மாயாறு, கோணிப்பை தைக்கிற நூல் மாதிரி. அதன் கரையில் பச்சையாகச் சின்னக் கட்டம் கட்டமாக வயல். "தெங்குமரஹாடாங்க" என்று டீக்கடைக்காரர் கை நீட்டினார். நம் பவானிசாகரிலிருந்து காட்டுக்குள் பஸ்ஸில் போய், பரிசலில் ஆற்றைத் தாண்டிச் சேர வேண்டிய ஊர். மேலிருந்து பார்க்க எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

மாமா அதையெல்லாம் பார்க்கவில்லை. கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மட்டும் இன்னும் மூடியிருந்தது.

பிறகு அதுவும் விலகியது. தூரத்தில் தகரத் தகடு ஒன்றை வெயிலில் சாய்த்து வைத்த மாதிரி.

"அணை தெரியுதா கண்ணு?" என்று என்னைக் கேட்டார். தெரிகிறது என்றேன். "எவ்வளவு நிக்குது?" எனக்கு எப்படித் தெரியும்! பெரியவள் போனை எடுத்து ஜூம் செய்து அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். "இதுல என்ன சாமி, பொரி பொரியாத் தெரியுது" என்று தள்ளிவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்து மறுபடி போட்டார். உள்ளங்கையை நெற்றியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "ஓரத்துல செம்மண்ணு ஒரு கோடாட்டத் தெரியுது பாரு. அந்தக் கோடு தடிமனா இருந்தா தண்ணி கம்மி. இன்னைக்கு ஒல்லியாத்தான் இருக்குது. தொண்ணூத்தஞ்சு அடி இருக்கும்." என் கண்ணுக்குக் கோடும் தெரியவில்லை, ஒல்லியும் தெரியவில்லை. அத்தனை தூரத்தில் அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்பது அந்த மலைக்குத்தான் வெளிச்சம்.

அத்தை எப்போது எழுந்து வந்தார் என்று கவனிக்கவில்லை. மாமாவுக்குப் பக்கத்தில் நின்று, ரோடு எந்தப் பக்கம் என்று கேட்டார். மாமா திரும்பி, தெற்கே தெரிந்த மலைச் சரிவைக் காட்டினார். "அந்த மடிப்புக்குப் பொறத்தால, அக்கட்டால. அரவேணு, மாமரம், குஞ்சப்பனை. ராத்திரி எறங்கறப்ப மேட்டுப்பாளையத்து லைட்டு தெரியும்."

"அதுதான் அந்த ரோடா" என்றார் அத்தை.

பத்து நிமிடம்தான். மேகம் கீழேயிருந்து பொங்கி வந்து, தெங்குமரஹாடா, மாயாறு, அணை என்று வரிசையாக மூடிக்கொண்டது.

கோத்தகிரியில் இறங்கிப் பேப்பர் வாங்கினார் மாமா. 93 அடி என்று போட்டிருந்தது. "பேப்பர்காரன் நேத்துக் கணக்கைப் போடுறான்" என்று மடித்து வைத்துவிட்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது கார்க் கதவைத் திறந்த மாமா பின்னால் போய் உட்கார்ந்தார். "முன்னால நீ உக்காரு" என்றார் அத்தையிடம். அத்தை கூடையையும் சொம்பையும் மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். சீட் பெல்ட் போட்டுவிட வீட்டுக்காரர் குனிந்தபோது, சொம்பை இறக்கச் சம்மதிக்கவில்லை.

அரவேணு தாண்டியதும் பின்னாலிருந்து ஆரம்பித்தது. "ரெண்டுல போடு." நீலகிரியில் இறக்கத்தில் இரண்டாவது கியரில் வரச் சொல்லி ரோட்டோரம் அங்கங்கே போர்டு இருக்கிறது, ஆனாலும் மாமாவுக்குத் திருப்தியில்லை. மூன்று வளைவு கழித்து அத்தை முன்னாலிருந்து, "ரெண்டுல போடு சாமி, அப்பா சொல்றாரில்ல" என்றார். வீட்டுக்காரர் காது மறுபடி சிவந்தது.

மாமரத்துக்குக் கீழே ஒரு குறுகல் வளைவில் எதிரே லாரி ஏறி வந்தது, காலி சாக்கு மூட்டைகளோடு. ஏறுகிற வண்டிக்கு வழி. நாங்கள்தான் பின்னால் எடுக்க வேண்டும். வீட்டுக்காரர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ரிவர்ஸ் எடுக்க, அத்தை ஜன்னலை இறக்கித் தலையையும் ஒரு கையையும் வெளியே நீட்டினார். உள்ளங்கையால் கதவைத் தட்டி, குரலை உயர்த்தி, "வரலாம்... வரலாம்... ஒடிச்சு வரலாம்... போதும்!" லாரி தாண்டியதும் கதவில் இரண்டு தட்டு. "ரைட்டு, போலாம்."

லாரி டிரைவர் சிரித்துக்கொண்டே போனான். பின் சீட்டில் சத்தமே இல்லை.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?" என்று கொஞ்சம் பொறுத்துக் கேட்டார் மாமா.

"முப்பது வருசமாத் தூக்கத்துல கத்துவீங்களே" என்று ஜன்னலை ஏற்றினார் அத்தை.